ராக்கெட் அங்கிளின் கீல்

மற்றவர்கள் வீட்டுக்குள் வருவதற்காகக் கதவைத் திறப்பார்கள். கதவைத் திறப்பதற்காகவே வீட்டுக்கு வருகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில், எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருந்தார். பெயர் என்னவோ நீளமாக இருந்தது, நாங்கள் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ராக்கெட் அங்கிள் என்றால் பல்கலைக்கழக வாசல் வரைக்கும் தெரியும்.

முதல் நாள் நான் அடுப்பில் மிளகாய்ச் சம்பாலைக் கிளறிக்கொண்டிருந்தேன். வாசல் கிரில் கதவு கிரீச்சென்றது. மறுபடியும் கிரீச். மறுபடியும். கரண்டியோடு வெளியே ஓடினேன். ஒல்லியாக, உயரமாக ஒருவர், கால்சட்டையை நெஞ்சு வரைக்கும் ஏற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கதவில் காதை வைத்து, என் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா. உங்க மேல் கீல் அழுவுது. கீழ் கீல் பரவாயில்லை."

"அது அழுதா உங்களுக்கென்ன? நான் இங்க அடுப்புல சம்பால வச்சிட்டு நிக்கிறேன்!"

"அழ விடக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஆனாலும் அந்த ஆள் ஒரு குழந்தைக்குக் காதில் மருந்து விடுவது போல எண்ணெய் விட்டதைப் பார்த்து, ஓங்கியிருந்த கரண்டியை இறக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் சிங்கப்பூர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து வரிசையில் நின்று வந்த என் வீட்டுக்காரர், சத்தமே இல்லாமல் சமையலறைக்குள் வந்து நின்றார். நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு லிம் ஓடி வந்துவிட்டார். அந்தக் கிரீச்சை வைத்துத்தான் நான் இத்தனை வருஷமாக எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு தாமானில் எந்தக் கதவும் தப்பவில்லை. லிம் வீட்டுத் தபால் பெட்டி, மாமாக் கடையின் குளிர்பெட்டி, தெருவில் சும்மா நிறுத்தியிருந்த லாரி, எல்லாவற்றையும் திறந்து மூடினார். மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் அந்த ரொட்டி, டீக் கடை அஜீஸ் நானாவுடையது. நானா தங்கமான மனுஷன், ஆனால் கோழி விஷயத்தில் தங்கம் கிடையாது.

"அங்கிள், அதுக்குள்ள கோழி இருக்கு லா. நீங்க இப்படித் திறந்து திறந்து மூடினா அது மறுபடி உயிர் வந்து நடந்து போயிரும்."

"நானா, ரப்பர் தளர்ந்து போச்சு. கேளுங்க, மூடும்போது பெருமூச்சு விடுது."

"பெருமூச்சு விடுறது நான்!" என்றார் நானா.

அவர் யார் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. பெங்களூரில் விண்வெளி விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மாலதி இங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் அழைத்து வந்துவிட்டாள். விண்வெளி விஞ்ஞானி என்றதும் கடையில் எல்லோரும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"ராக்கெட்டுல நீங்க என்ன பண்ணீங்க அங்கிள்?" என்று நானா தே தாரிக் டீயை இழுத்து ஊற்றிக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்.

"கீலு."

"என்ன கீலு?"

"கதவுக்குப் போடுவோமே, அதேதான்."

"அலமாக்! வாழ்நாள் பூரா கீலா?"

"வாழ்நாள் பூராவும்தான்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். இரண்டு மூன்று நாற்காலிகள் பழைய இடத்துக்கே திரும்பிப் போயின.

அப்போதுதான் அவர் குரல் இறங்கியது. அந்தக் குரல் இறங்கினால் கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "செயற்கைக்கோளை மேல அனுப்பும்போது அதோட சிறகு ரெண்டையும் மடிச்சுக் கட்டித்தான் அனுப்புவோம். வெயிலைக் குடிச்சு மின்சாரம் பண்ற சிறகு. மேல போனதும் கட்டு அறும், கீல் திரும்பும், சிறகு விரியும். விரிஞ்சா அதுக்கு உயிர். விரியலைன்னா அத்தனை பேர் உழைப்பும் வெறும் தகரம். கீழ எத்தனை தடவை வேணா திறந்து பார்க்கலாம். மேல ஒரே தடவைதான். மாட்டிக்கிச்சுன்னா போய்த் தட்டிவிட ஆள் கிடையாது."

"விரியும்போது பார்க்க அழகா இருக்குமா அங்கிள்?" என்று நான் கேட்டேன்.

"யாரும்மா பார்த்தா? நாங்க ஒரு ரூமுக்குள்ள உக்காந்திருப்போம். ஸ்கிரீன்ல ஒரு எண் ஏறும். 'மின்சாரம் வருது'ன்னு ஒருத்தன் சத்தம் போடுவான். எல்லாரும் கைதட்டுவாங்க, நானும் தட்டுவேன். என் கீல் திறந்ததை என் கண்ணால நான் பார்த்ததே இல்லை" என்றார். பிறகு குளிர்ந்து போன டீயைக் குடித்தார்.

அவர்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் உண்டாம். ராக்கெட் கிளம்பும் முன்னால் கடைசி விநாடி வரைக்கும், அங்கே வேலையில் இருக்கும் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் "ஹோல்ட்!" என்று கத்தலாம். எல்லாம் நின்றுவிடும். கத்தியவனை யாரும் திட்டக் கூடாது, சந்தேகம் தப்பாகவே இருந்தாலும் கூடாது. இது எங்களுக்குத் தெரிய வந்தது எங்கள் கார் பூசையில்.

பழைய கார்தான், எங்களுக்குப் புதுசு. சூடம் காட்டியாயிற்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, என் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கப் போனார். "ஹோல்ட்!" என்று ஒரு சத்தம். பூசாரி தேங்காயைக் காலில் போட்டுக்கொண்டார். ராக்கெட் அங்கிள் நிதானமாக வந்து பின் கதவைத் தொட்டுப் பார்த்து, "சரியா மூடலை. சத்தம் பாதியிலேயே நின்னுச்சு" என்றார். உண்மையாகவே மூடியிருக்கவில்லை. என் தங்கச்சி பிள்ளை அந்தக் கதவில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து தாமான் முழுக்க ஹோல்ட். குளிக்கக் கூப்பிட்டால் பிள்ளைகள் ஹோல்ட். ரொட்டி சானாய் தட்டுக்கு வரும் முன்னால் கடையில் ஹோல்ட். ஒரு நாள் நான் நல்ல வேகத்தில் திட்டிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரரும் கையைத் தூக்கி, "ஹோல்ட்!" என்றார். "ராக்கெட்டு நிக்கும், நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

நான் துணி காயப்போடும்போது மட்டும்தான் வானத்தைப் பார்க்கிற ஜாதி. கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், மழை வருமா வராதா என்பதற்கு மேல் வானத்திடம் எனக்குப் பேச்சு இருந்ததில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், ஆற்று வெள்ளம் வந்து நாங்கள் பள்ளிக்கூட மாடியில் ஒண்டிக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என் கீல் போட்ட கோள் மேலதாம்மா இருந்துச்சு. பூமியைப் படம் எடுக்கற கோள். இந்தப் பக்கமும் போயிருக்கும். மேலேர்ந்து பார்த்தா வெள்ளம் கறுப்பா, சத்தமே இல்லாம, தூங்கற மாதிரி இருக்கும். அந்தப் படத்துல நீ ஒரு புள்ளியாக்கூடத் தெரிய மாட்டே. ஆனா நீ அதுல இருந்தே."

எனக்கு என்னவோ செய்தது. அன்று துணியைக் கொடியில் போட்டுவிட்டு, வெறுமனே மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். ஈரம் சொட்டிச் செருப்பெல்லாம் நனைந்து போனது.

அந்தக் கோளுக்கும் வயதாகிவிட்டது. வேலை முடிந்ததும், மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு அதைத் தாழ்வான பாதைக்கு இறக்கிவிட்டார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வந்து, ஒரு நாள் காற்றில் உரசி எரிந்துவிடும். பெங்களூரிலிருந்து பழைய சகா ஒருவர் தொலைபேசியில் செய்தி சொன்னார். அது விழப் போகிறது, அதற்கு முன்னால் ஜொகூர் வானத்தில் சாயங்கால நேரத்தில் சில தடவை தெரியும், சிறகு இன்னும் விரிந்திருந்தால் அதில் வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னும்.

ராக்கெட் அங்கிள் கடைக்கு ஓடி வந்து நானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது மின்னறதை மட்டும் பார்த்துட்டா போதும் நானா. நான் செஞ்சது இன்னும் திறந்துதான் இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

ஜொகூர் வானத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கும் சிக்கல் புரியும். இங்கே சாயங்காலம் என்றாலே மேகம்தான். முதல் நாள் தாமான் திடலில் கூடினோம், மழை கொட்டி எல்லோரும் நனைந்து வீடு திரும்பினோம். அடுத்த முறை மழை இல்லை, வானம் முழுக்கச் சாம்பல். அதற்கடுத்த முறை லிம் திடீரென்று "சானா! சானா! அங்க, அங்க!" என்று கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினோம், நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றே சொல்லிவிட்டார்.

"சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியுதா?" என்று ராக்கெட் அங்கிள் கேட்டார்.

"ஆமா அங்கிள், அழகா எரியுது!"

"அது பிளேனு. கோலாலம்பூர் போகுது."

கடைசி வாய்ப்பு ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்குப் பிறகு சாயங்காலத்தில் இந்தப் பக்கம் வராது, வருவதற்குள் எரிந்தும் போய்விடும் என்று சகா சொல்லிவிட்டார். அன்று நானா கடையை மாலையிலேயே மூடிவிட்டு ஒரு பெரிய குவளை டீயோடு வந்தார். லிம் வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. என் வீட்டுக்காரர் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார், அது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் நடக்காத காரியம். மாலதி பல்கலைக்கழகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால், "அப்பாவைப் பார்த்துக்குங்க அக்கா" என்று எனக்குப் போன் பண்ணியிருந்தாள்.

சூரியன் இறங்கிவிட்டது. வடக்கே மேகம் விலகியும் விலகாமலும் கிடந்தது. தெற்கிலிருந்து வேறொரு மேகம் எழும்பி வந்தது. நானா அதைப் பார்த்துக் கையைத் தூக்கி, "ஹோல்ட்! ஏய், ஹோல்ட்!" என்று கத்தினார்.

"மேகத்துக்கும் ஹோல்ட் கிடையாது, கோளுக்கும் கிடையாது நானா" என்றார் ராக்கெட் அங்கிள்.

நேரம் ஆயிற்று. வடக்கே, செம்பனைத் தோட்டத்துக்கு மேலே, வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி கிளம்பியது. சிவப்பு விளக்கு இல்லை, சத்தம் இல்லை, அவசரமும் இல்லை. திடல் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்து நின்றது. நான் சந்தோஷத்தில் ராக்கெட் அங்கிளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை நன்றாக உயர்த்தி, கண்ணை அகல விரித்து, திடலோரத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அங்க இல்ல, இந்தப் பக்கம்" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பினார். அப்போதும் அவர் கண் எதையும் பிடிக்கவில்லை.

"தெரியலைம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கொஞ்ச காலமாவே எல்லாம் புகையா இருக்கு. நரம்பு போயிருச்சாம், சரி பண்ண முடியாதாம். மாலதிக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னா யாரும் கதவைத் தொட விடமாட்டீங்களேன்னு சொல்லலை. வானத்துல வெளிச்சமா ஒண்ணு வந்தா அது மட்டுமாவது தெரியும்னு நினைச்சேன். நீ பார்த்துச் சொல்லும்மா."

நான் புள்ளியைத் தேடி மேலே பார்த்தேன். "வருது அங்கிள்" என்றேன். "நேரா வருது. இப்ப நம்ம தலைக்கு மேல."

"மின்னுதா?"

மின்னவில்லை. புள்ளி புள்ளியாகவே போய்க்கொண்டிருந்தது. மின்னுகிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவரால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாழ்நாள் பூரா ஒரு கீலிடம் உண்மையாக இருந்த மனுஷனிடம் எப்படிப் பொய் சொல்வது?

"இன்னும் இல்ல அங்கிள்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தெற்கு மேகம் அதை எட்டப் போகிற நேரம். அப்போது அந்தப் புள்ளி வெடித்தது போல ஒரு வெளிச்சம், வெள்ளி போலப் பளீரென்று, பார்த்தவர்கள் கண்ணே கூசும்படி. நான் வாயைத் திறப்பதற்குள் திடலே கத்தியது. நானா "அலமாக்!" என்றார், லிம் தன் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கூவினார், பிள்ளைகள் குதித்தார்கள், என் வீட்டுக்காரர் விசிலடித்தார். யாரும் சொல்லிக்கொடுத்துப் போட முடியாத சத்தம் அது. அந்தச் சத்தம் முழுவதையும் ராக்கெட் அங்கிள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"திறந்துதான் இருக்கு" என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "எந்தப் பக்கம் போச்சும்மா?"

"தெற்க அங்கிள். சிங்கப்பூர் பக்கம்."

"பாலத்துல வரிசை நிக்காமலா?" என்று என் வீட்டுக்காரர் பொறாமையாகக் கேட்டார். ராக்கெட் அங்கிள் தோள் குலுங்கச் சிரித்தார், அழுகையும் நிற்கவில்லை.

அடுத்த சில நாட்களில் அது யார் தலையிலும் விழாமல் கடலுக்கு மேலே எரிந்து முடிந்தது. பிறகு மாலதிக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்து, அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சனிக்கிழமைதான். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கலைந்த பிறகு, திடல் மேடு பள்ளமாக இருந்ததால் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். நல்ல தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.