நடுங்க மறந்த மாமனார்

காலையில் எழுந்ததிலிருந்து மாமனாரின் கை நடுங்கவில்லை. அதுதான் பேராசிரியருக்கு வந்த தலைவலி.

மற்ற வீடுகளில் இப்படி நடந்தால் சந்தோஷப்படுவார்கள். இந்த வீட்டில் பேராசிரியர் சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருந்த மாமனாரின் கையை முறைத்துக்கொண்டிருந்தார். கை பேப்பரைப் பிடித்திருந்தது. பேப்பர் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி அசையாமல் நின்றது.

"மாமா, கைக்கு என்ன ஆச்சு?"

மாமனார் பேப்பரை இறக்கிக் கையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்னமோ வரல மாப்பிள்ளை."

"வரலன்னா? நடுக்கம் என்ன பஸ்ஸா, லேட்டா வர்றதுக்கு?"

"தோள்பட்டை வேற வலிக்குது. நேத்து கொஞ்சம் அதிகமா நடுங்கிட்டேன் போல."

பேராசிரியர் நெற்றியைத் தடவினார். மத்தியானம் கல்லூரியில் தேர்வுக்குழு கூடுகிறது.

அவர் இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லூரியில் மருத்துவக் கருவி வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவர். செயற்கை மூட்டு எப்படி இருக்க வேண்டும், இதயத்துடிப்பு பார்க்கும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று வண்டி வண்டியாகப் பேசுவார். ஆனால் கருவி என்று ஒன்றைச் செய்து ஒரு நோயாளி கையில் கொடுத்ததில்லை. பாதிப் படிப்பு இப்படித்தான் ஓடுகிறது. நீச்சல் பாடம் எடுப்பவர் தண்ணீரில் இறங்கியிருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

புதிதாக வந்த கல்லூரி முதல்வர் கேட்டுவிட்டார். துறைத்தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. அது வேண்டுமென்றால், சொந்தமாகச் செய்த கருவி மனிதர் கையில் வேலை செய்வதைக் குழுவின் முன்னால் காட்ட வேண்டும் என்றார். போட்டிக்கு இருந்தவர் அடுத்த அறைக்காரர் ஒருத்தர்தான். காது கேட்கும் கருவி ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். குழுவின் முன்னால் அது விசில் அடித்தது. மாட்டியிருந்த பெரியவர் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றாராம். அடுத்த அறைக்காரர் கதை அத்தோடு முடிந்தது.

ஆக, நாற்காலிக்கும் பேராசிரியருக்கும் நடுவே இப்போது நின்றது மாமனாரின் கை மட்டும்தான்.

பேராசிரியரின் கருவி ஒரு ஸ்பூன். கை நடுங்குகிறவர்கள் சிந்தாமல் சாப்பிடுவதற்கு. கைப்பிடிக்குள் சின்ன மோட்டார் இருக்கிறது. கை இந்தப் பக்கம் ஆடினால் ஸ்பூன் அந்தப் பக்கம் ஆடிச் சரிக்கட்டும். யோசனை மனைவி கொடுத்தது. முதலில் அவள், "ஒரு டாக்டரைப் பாத்துட்டு வரலாமாங்க" என்றுதான் ஆரம்பித்தாள். "டாக்டருங்களுக்கே கருவி சொல்லித் தர்றவன் வீட்டுல என்ன டாக்டர் வேண்டிக் கிடக்கு?" என்று பேராசிரியர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். யாருக்கு, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் மாமனார் பெட்டியோடும் நடுக்கத்தோடும் வந்து இறங்கினார்.

"அப்பாவால சூப் குடிக்க முடியலங்க. நீங்கதான் ஏதாவது செய்யணும்" என்று மனைவி கண் கலங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் பொறியியல் உதவி கேட்டதே கிடையாது. மிக்சி நின்றுபோனால்கூடத் தெருமுனை மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவாள். பேராசிரியர் உருகிப்போனார்.

ஸ்பூன் தயாரானது. ஆனால் மாமனாருக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் சிந்தாது. மறுநாள் சட்டையெல்லாம் சூப். குறை எங்கே என்று பேராசிரியர் ஆராய்ந்து கண்டுபிடித்தார். மாமனாரிடம்தான்.

"உங்க நடுக்கத்துல ஒரு ஒழுங்கே இல்ல மாமா. ஒரு நாள் வேகமா ஆடுது, ஒரு நாள் மெதுவா ஆடுது. போன் வந்தா நின்னே போயிடுது."

"நடுங்குறதுக்கும் சிலபஸ் இருக்குதா மாப்பிள்ளை?"

ஸ்பூனில் குறை இல்லை என்பதற்கு அவரிடம் சாட்சி இருந்தது. அவரே பிடித்துக் குடித்தால் ஒரு சொட்டு கீழே விழாது. நல்ல கையின் அளவு வேண்டும் என்று தன் கையை வைத்துத்தான் எல்லாவற்றையும் அதற்குள் பதிந்திருந்தார். வேறு எவன் கையை நம்புவது?

இப்போது அந்த மாமனார் கைதான் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது.

"காபி குடிச்சா கை நடுங்கும்" என்றார் பேராசிரியர். "நல்லா ஸ்ட்ராங்கா போடு."

மனைவி மாமனாருக்கு முழுக் கப்பும் அவருக்கு அரைக் கப்பும் கொண்டுவந்தாள். பேராசிரியருக்கு எப்போதும் அரைக் கப்தான். விளிம்பு வரை ஊற்றுவது நாகரிகமில்லை என்பார். மாமனார் முழுசையும் குடித்தார். இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்குவதைப் பார்த்து, கண்ணாடி போடாமலே ஊசியில் நூலைக் கோத்து, தைத்தும் கொடுத்துவிட்டார்.

"கூட்டத்துக்குப் போறப்ப பாக்க நல்லா இருக்கணும்ல" என்றார்.

பேராசிரியர் பொத்தானைப் பார்த்தார். மிஷின் தையல் மாதிரி இருந்தது.

"மாடிப்படி ஏறி இறங்கலாம் மாமா. உடம்பு களைச்சா நடுக்கம் வரும்."

இருவரும் ஏறினார்கள். மொட்டைமாடியில் பேராசிரியர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மாமனார் கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து, கடைக்காரர் மாதிரி ஓரம் பார்த்து மடித்து, மொத்தத்தையும் ஒரே கையில் ஏந்திக்கொண்டு இறங்கினார்.

கடைசியாகப் பேராசிரியருக்கு விஞ்ஞானம் ஞாபகம் வந்தது. குளிரில் உடம்பு நடுங்கும். ஒரு பாத்திரம் நிறைய ஐஸ் கட்டி போட்டு மாமனாரின் கையை அதில் வைத்தார்.

"எவ்ளோ நேரம் மாப்பிள்ளை?"

"நடுங்குற வரைக்கும்."

கை நடுங்கவில்லை. மரத்துப்போயிற்று. வெளியே எடுத்தபோது அது மாமனாருடைய கை மாதிரியே இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மரச்சாமான் மாதிரி மேஜையில் கிடந்தது. முன்பு நடுங்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஸ்பூனையும் பிடிக்கவில்லை.

மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பேராசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இத்தனை வருஷம் மாணவர்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மாமா, ஒரு பத்து நிமிஷம். குழு பாக்குறப்ப மட்டும். கொஞ்சம் நடுங்குற மாதிரி நடிச்சிடுங்க."

மாமனாரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. மகளைப் பார்த்தார். மகள் ஒத்தடத் துணியைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க" என்றாள். "எங்க குடும்பத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது."

"எனக்கு மட்டும் ஆசையா? ஒரு தடவை மா."

"பொய் சொல்லி ஒரு நாற்காலி வேணுமா உங்களுக்கு?"

பேராசிரியருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிப்பட்ட நேர்மையான குடும்பத்தில் பெண் எடுத்ததை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினார். வீட்டைப் பூட்டச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. பழைய பூட்டு என்று திட்டினார். மனைவி வாங்கிப் பூட்டினாள்.

ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி காத்திருந்தாள். ஸ்பூனுக்குச் சூடு வைத்து ஒயர் ஒட்டியது, மோட்டார் பொருத்தியது எல்லாம் அவள்தான். சின்னச் சின்ன வேலைகளில் பேராசிரியர் இறங்குவதில்லை.

"ஆடாத கையிலயும் இந்த ஸ்பூன் சிந்தக் கூடாது. உடனே சரிபண்ணு."

"ஆடாத கைக்கு இது எதுக்கு சார்?"

"கேள்வி கேட்காத. பிடிச்சுக் காட்டு."

மாணவி ஸ்பூனில் தண்ணீர் மொண்டு தூக்கினாள். கரையில் போட்ட மீன் மாதிரி ஸ்பூன் துள்ளியது. தண்ணீர் அவள் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

"உனக்கு ஸ்பூன் பிடிக்கத் தெரியல" என்றார் பேராசிரியர்.

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "சார், ஒரு தடவை வேற யார் கையையாவது வெச்சு அளவு எடுத்துப் பாக்கலாமே."

"ஏன், என் கைக்கு என்ன?"

அவள் ஸ்பூனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல சார்."

நேரமில்லை. பேராசிரியர் தன் கையின் அளவையே இன்னொரு தடவை பதிந்து, போதாததற்கு மோட்டாரின் வேகத்தையும் கூட்டிவைத்தார். கருவி மக்கர் செய்தால் படித்தவர்கள் செய்வது இதுதான். கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார்கள்.

குழு அறையில் நீள மேஜை. முதல்வர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா, நரம்புக் கோளாறுக்குப் பார்ப்பவர். பேனாவை மூடிவைத்துவிட்டு ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கேன்டீனிலிருந்து இரண்டு கிண்ணம் சூப், ஸ்பூனோடு வந்திருந்தது. ஆராய்ச்சி மாணவி சுவரோரம் நின்றாள். மாமனாரின் கைக்கு உணர்வு திரும்பியிருந்தது. நடுக்கம் திரும்பவில்லை.

மாமனார் ஸ்பூனைப் பிடித்தார். கை கல் மாதிரி நின்றது. ஸ்பூன் பேய் பிடித்த மாதிரி ஆடியது. முதல் வாய் சூப் முதல்வரின் கழுத்துப்பட்டையில் விழுந்தது. இரண்டாவது, சுவரில் மாட்டியிருந்த பழைய முதல்வரின் படத்துக்கே எட்டிவிட்டது.

"ஐயா, அதை வெச்சிடுங்க" என்றார் டாக்டரம்மா. "கிண்ணத்தைக் கையில எடுங்க பாப்போம்."

மாமனார் கிண்ணத்தைத் தூக்கி, ஒரே மூச்சில் குடித்து, கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு நடுக்கம் எப்பப்ப வரும்?"

"விட்டு விட்டு வரும்மா. பெரும்பாலும் மாப்பிள்ளை இருக்கப்ப வரும்."

முதல்வர் கழுத்துப்பட்டையைக் கழற்றி மடித்தார். அவர் எழுந்துகொள்ளப் போகிறார் என்று பேராசிரியருக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி கண்ணெதிரே நகர்ந்து போவது மாதிரி இருந்தது. இன்னொரு கிண்ணம் சூப்பைத் தன் பக்கம் இழுத்து, மாமனாரிடமிருந்து ஸ்பூனைப் பிடுங்கினார்.

"பிடிக்கிற முறை தெரியணும் மேடம். இப்படி."

குடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மறுபடி மொண்டார். ஸ்பூன் நிறைய சூப், வாய் வரைக்கும் ரயில் மாதிரி நேராகப் போயிற்று. கிண்ணம் பாதி காலியாகும் வரை நிறுத்தவில்லை. முதல்வர் மறுபடி உட்கார்ந்தார். டாக்டரம்மா மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சூப்பை விட்டுவிட்டு ஸ்பூனின் கைப்பிடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சாதா ஸ்பூன்ல ஒரு வாய் குடிங்க சார்."

கேன்டீன் ஸ்பூனை எடுத்தார். வாய்க்கு வந்து சேர்ந்தபோது அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் மேஜையில்.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் பேராசிரியர், வெற்றியோடு. "சாதா ஸ்பூன் எவ்ளோ மோசம்னு இப்ப உங்களுக்கே தெரியுது."

மாணவி கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தாள். மாமனார் காலிக் கிண்ணத்துக்குள் எதையோ தேடினார். டாக்டரம்மா முதல்வரிடம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். முதல்வர் மெல்லத் தலையாட்டினார்.

"ஸ்பூன் வேலை செய்யுது" என்றார் டாக்டரம்மா. "எனக்குத் திருப்தி. சார், நாளைக்குக் காலையில என் கிளினிக்குக்கு வாங்க. ஸ்பூனையும் எடுத்துட்டு வாங்க. கட்டாயம் வரணும்."

"துறைய நீங்களே பாத்துக்கங்க" என்றார் முதல்வர், கழுத்துப்பட்டையைப் பையில் வைத்துக்கொண்டே.

வெளியே வராந்தாவில் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் நடையிலேயே விஷயம் தெரிந்தது.

"கிடைச்சிருச்சு மா. டாக்டரம்மா ஸ்பூனோட கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. பெரிய ஆர்டரா இருக்கும்னு நினைக்கிறேன்."

"போவீங்கல்ல?" மனைவி எழுந்தேவிட்டாள். அவள் முகத்தில் துறைத்தலைவர் மனைவி ஆன சந்தோஷம் மாதிரித் தெரியவில்லை. அதைவிடப் பெரிதாக ஏதோ. "டாக்டர்கிட்ட நிஜமாவே போவீங்கல்ல?"

"பின்ன? விடுவேனா?"

அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் வந்த மாமனார் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"ஏம்மா, ஸ்பூனும் அவர் கைக்குச் சரியா அமைஞ்சிருச்சு, டாக்டர்கிட்டயும் போறேன்னுட்டாரு. நீ நடுங்கச் சொன்னத இனிமே நான் நிறுத்திக்கலாம்ல?"