பலகைக்கு வலிக்கக் கூடாது

ஹாக்கர் சென்டரில் சாப்பிட டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்பவரை உங்களுக்குத் தெரியும். லிஃப்டில் ஏறியதும் கதவை மூடும் பொத்தானில் மத்தளம் வாசிப்பவரையும் தெரியும். அவர்கள் இருக்கட்டும். இன்று நான் அறிமுகப்படுத்தப்போவது இந்தத் தீவில் தேக்கா முதல் துவாஸ் வரை பரவிக் கிடக்கிற, ஆனால் கேட்டால் யாருமே தாம் அதுவென்று ஒப்புக்கொள்ளாத ஓர் இனம். 'ஒன்னுமில்ல லா'க்காரர். வேலையிடத்தில் அடிபட்டவர், ஆனால் அடிபடவே இல்லை என்று சாதிப்பவர்.

இவர் ஏணியிலிருந்து விழுந்தால், "இறங்கத்தான் இருந்தேன், கொஞ்சம் சீக்கிரமா இறங்கிட்டேன்" என்பார். பெட்டி காலில் விழுந்தால் பெட்டிக்குள் இருந்தது உடைந்ததா என்று கேட்பார். விழுந்த கணத்தில் இவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி, யாராவது பார்த்தார்களா என்று இடமும் வலமும் நோட்டம் விட்டு, பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு சிரிப்புச் சிரித்து, எழுந்து, தரையை மலாயிலும் தமிழிலும் திட்டி, கையிலிருந்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது நன்றாக இருக்கிறது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டு, நொண்டிக்கொண்டே நடந்து போவார். தன் உடம்பைப் பார்க்க மறந்துவிடுவார்.

இவருடைய மருத்துவம் எளிது. கோடாலித் தைலம். சுளுக்கா? தைலம். வீக்கமா? தைலம். எலும்பு முறிந்திருந்தால் இரண்டு தடவை தைலம். இவர் ரயிலில் ஏறினால் அந்தப் பெட்டியில் யாருக்கும் மூக்கடைப்பு இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்தவருக்கு அடிபட்டால் இவர் பெரிய வழக்கறிஞர். தேக்கா மார்க்கெட்டில் தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே, "ரிப்போர்ட் பண்ணு லா! டாக்டர் கிட்ட போ! வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் எதுக்கு இருக்கு? அது நம்ம உரிமை!" என்று மேசையைத் தட்டுவார். தட்டிய கை ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வாய் திறக்காதவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. நான் சொல்கிற ஆளுக்கு அந்தப் பயமே கிடையாது. முதலாளிதான் இவருக்குப் பயப்படுவார். பிறகு ஏன் மறைக்கிறார்? அதற்கு நீங்கள் அப்துல் கையூமைப் பார்க்க வேண்டும்.

கையூம் பாய் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கேட்டரிங் கிச்சனில் தலைமைச் சமையல்காரர். அந்தக் கிச்சன் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று சிவப்பு எண்கள் சொல்லும். சூப்பர்வைசர் வெங்கடேஷ் தினமும் காலையில் நாற்காலி போட்டு ஏறி, சாமி படத்துக்குப் பூ மாற்றுகிற பக்தியோடு எண்ணை மாற்றுவார். எண் ஆயிரத்தைத் தொட்டால் முதலாளி செலவில் எல்லோருக்கும் டுரியான் பழ விருந்து. சின்னக் காயம் பதிவானாலும் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே அங்கே யாருக்கும் அடிபடுவதில்லை. கத்தி வெட்டியவருக்கு வெட்டவில்லை, எண்ணெய் தெறித்தவருக்குத் தெறிக்கவில்லை. இருபது பேரும் பலகையைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆயிரத்துக்குச் சில நாளே இருக்கும்போது கையூம் பாய் தால்ச்சா சட்டியோடு ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்ததால் ஒரு துளி சிந்தவில்லை. வலது மணிக்கட்டு மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மணிக்கட்டு பாவ் ரொட்டி அளவுக்கு உப்பியிருந்தது. கிச்சனில் கேட்டவர்களிடம், "வீட்டு பாத்ரூம்ல வழுக்கிட்டேன். ஒன்னுமில்ல லா" என்றார். வீட்டில் கேட்ட மனைவி ஜைனபிடம் பாத்ரூம் கதை செல்லாது; அவர் அங்கேதான் இருக்கிறார். எனவே அங்கே மட்டும் உண்மையைச் சொல்லி வைத்தார். "கிச்சன்ல லேசா வழுக்கிச்சு. ஒன்னுமில்ல லா." ஒரே காயத்துக்கு இரண்டு முகவரி. வீடு இருக்கிற ஆங் மோ கியோவுக்கும் ஃபேரர் பார்க்குக்கும் நடுவில் இத்தனை ரயில் நிலையம் இருக்கிறதே, இரண்டு கதையும் எங்கே சந்திக்கப்போகின்றன என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. வெங்கடேஷ் அவரை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். தகவல் தெரிந்து ஜைனபும் டாக்சி பிடித்து வந்துவிட்டார்.

டாக்டர் இளம்பெண். "அங்கிள், எங்க விழுந்தீங்க? வேலையிலயா, வீட்லயா? கரெக்டா சொல்லணும், ரிப்போர்ட்ல போடணும்."

இந்தக் கேள்வி சாதாரணமானதில்லை. வேலையில் பட்ட காயம் என்றால் வைத்தியச் செலவு உண்டு, விடுப்புக்குச் சம்பளம் உண்டு, கை பழையபடி ஆகாமல் போனால் இழப்பீடும் உண்டு. பாத்ரூம் என்றால் இவர் கை, இவர் பாடு. சமையல்காரருக்கு அந்த வலது கைதான் எல்லாம்.

கையூம் பாய் வாயைத் திறப்பதற்குள் வெங்கடேஷ் உதவிக்கு வந்தார். "வீட்ல தான் டாக்டர். பாத்ரூம்ல."

ஜைனப் மெதுவாகத் திரும்பினார். "எந்த வீட்ல?"

"உங்க வீட்ல தான் அக்கா. தரை பூரா பாசி புடிச்சிருக்காம். பாய் தான் சொன்னாரு."

பாசி! வழுக்கியது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். கதை சுவையாக இருக்கட்டும் என்று கையூம் பாய் தாளித்துக் கொட்டிய பாசி அது.

"என் பாத்ரூம்லயா பாசி?" ஜைனபின் குரல் வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "டாக்டர், வேணும்னா இப்பவே வந்து பாருங்க. அந்தத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்! இவரு கிச்சன்ல தால்ச்சா சட்டியோட விழுந்தாரு. சட்டிக்கு ஒன்னும் ஆகலன்னு வீட்டுக்கு வந்து சிரிச்சாரு. ஏங்க, சொல்லுங்க! பாசி எங்க இருக்கு?"

ஒரு பக்கம் டுரியான். மறுபக்கம் ஜைனப். கையூம் பாய் இரண்டையும் மனதில் நிறுத்திப் பார்த்தார். இரண்டிலும் முள் உண்டு. ஆனால் ஒன்றோடுதான் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"கிச்சன்ல தான் டாக்டர்" என்றார் தரையைப் பார்த்து. "ஆனா ஒன்னுமில்ல லா."

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்றார். கட்டுப் போட்டார்கள், நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள், காயம் வேலையில் பட்டதென்றே பதிவானது. ஒரு மனிதரின் கையைச் சட்டம் காப்பாற்றியது. அந்தச் சட்டத்தை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு பாத்ரூமின் மானம். அந்தப் பாத்ரூமுக்கு நான் தலை வணங்குகிறேன். வெங்கடேஷ் மட்டும் கிச்சன் வேன் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். "கிட்ட வந்துட்டோம் பாய்... மூசாங் கிங் டுரியான்னு முதலாளி சொல்லியிருந்தாரு லா..."

அடுத்த நாள் காலை வெங்கடேஷ் வழக்கம்போல நாற்காலி போட்டு ஏறி, கனத்த மனத்தோடு பலகையிலிருந்த எண்களைக் கழற்றி, பூஜ்யத்தை மாட்டக் கையை நீட்டினார். நாற்காலி சாய்ந்தது. தொப்பென்று கீழே விழுந்தார். படுத்தபடியே தலையைத் தூக்கி இடமும் வலமும் பார்த்தார். எழுந்து, பூஜ்யத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை.

"என்ன சார், விழுந்துட்டீங்களா?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

பலகை ஏற்கெனவே பூஜ்யம். இழக்க அதில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. முழங்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வெங்கடேஷ் சொன்னார்: "ஒன்னுமில்ல லா."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்கிறீர்களே, அது எத்தனை நாளாக? போன வாரம் ஸ்டோர் ரூமில் தலையில் இடித்துக்கொண்டதை யாரிடம் சொன்னீர்கள்? பதில் சொல்ல அவசரம் வேண்டாம். முதலில் அந்தத் தைலப் புட்டியை மூடுங்கள். வாடை இங்கே வரைக்கும் வருகிறது.