அதிகம் பேசாதவருக்கான சென்ட்

குளத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் விபினுக்கும் உன் மனைவி லிஜாவுக்கும், தாய்மாமன் ஞானசிகாமணி சகல ஸ்தோத்திரங்களோடும் எழுதுவது. தேவகிருபையால் நானும் உன் லீலாபாய் மாமியும் சுகம். என் மூட்டுவலியை இந்தச் சுகத்தில் சேர்க்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் மாமாவின் மெசேஜ் நீளம் என்று நீ கேட்காமலே விட்டுவிடுகிறாய். ஆகையால் லீவு முடிந்து நீ வேலை பார்க்கிற வெளிநாட்டுக்கே திரும்புகிற எபினின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, காரோட்டு வீட்டில் உன் அம்மா, என் அக்கா, உயிரோடுதான் இருக்கிறாள். விஷயம் இவ்வளவுதான்: நீ உன் அப்பாவுக்கு அனுப்பிய கறுப்புக் குப்பி சென்ட் தீரப்போகிறது. அதே மாதிரி இரண்டு குப்பி உடனே வேண்டும். தீர்ந்துபோனால் அக்கா சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். சென்டுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை தாளும்.

உன் பார்சல் வந்த அன்றைக்குத்தான் உன் அப்பாவின், என் அத்தானின் அடக்கம் என்பது உனக்குத் தெரியும். அடக்கத்தை நீ போனில் பார்த்தாய். ஆனால் மணம் போனில் வராதே! பெட்டியை மூடுவதற்கு முன்னால் சென்ட் அடிப்பது நம்முடைய வழக்கம் அல்லவா? பாறசாலையில் வாங்கி வைத்திருந்த மல்லிகை சென்ட் வருகிறவனும் போகிறவனும் அடித்து முன்னமே தீர்ந்திருந்தது. சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை முடிக்கப் போகிறார், பெட்டியின் மூடி தயாராக நிற்கிறது, கூட்டத்தில் யாரோ, "மவன் அனுப்பினது இருக்குல்லா, அத எடுங்கலே, அவனுக்க கையா அது இருக்கட்டும்" என்றார்கள். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். அழுதுகொண்டே பார்சலைக் கிழித்தேன். அந்தக் குப்பியின் தலையை அமுக்கினால் எவ்வளவு வரும் என்று எனக்கென்ன தெரியும்? பாதிக் குப்பியை அத்தானின் கோட்டின்மேல் அடித்துவிட்டேன். பாட்டுக்குழு இருமியதில் ஒரு சரணமே போய்விட்டது. புதுச் செருப்புக்கடைக்குள் யாரோ சுருட்டுக் குடித்துவிட்டுப் போன மாதிரி ஒரு மணம், அதன் பின்னால் கொஞ்சம் கிராம்பு. அத்தானை அந்த மணத்தோடுதான் மண்ணுக்குள் இறக்கினோம். மீதிக் குப்பி என் ஜிப்பாவின் பையில் கிடந்து என் வீட்டுக்கு வந்துவிட்டது.

அதோடு வைத்த இங்கிலீஷ் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று லிஜாவிடம் போனில் கேட்டேன். அவள் வாசித்துச் சொன்னாள். இது அதிகம் பேசாத ஆணுக்கு உரியதாம். அவன் ஒரு முடிவெடுத்தால் மாற்றமாட்டானாம். அவன் எழுந்து போன பிறகும் அவன் இருந்த இடம் அவனைச் சொல்லுமாம். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கடைசி வரியை ஒரு மனுஷன் யோசித்துத்தான் எழுதினானா? உன் அப்பா சுந்தரதாஸ் டிரைவருக்கு இதெல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை. எனக்கோ! அவர் ஓட்டிய பஸ்ஸில் நான் கண்டக்டர். ஆயுசு முழுவதும் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன், ஒருவனும் என்னைக் கண்டு பயந்தது கிடையாது. பேசிப் பேசியே சில்லறை பாக்கியை மறக்கடித்தவன் நான். இருந்தாலும் நல்ல சாதனம் வீணாகக் கூடாதே என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலரில் கொஞ்சம் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அதுதான் நான் செய்த புத்திகெட்ட வேலை.

நான் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவர் பின் ஒருவராக எழும்பிப் போனார்கள். கூட்டமான நாளில் அந்தப் பெஞ்சு முழுவதும் எனக்கு மட்டும்! முன்னால் இருந்த தாசையன், அத்தானுக்குக் குழி வெட்டினவன், திரும்பாமலே மூக்கை உறிஞ்சினான். அவன் கையிலிருந்து பாட்டுப் புத்தகம் விழுந்தது. "எலே, ஆருலே அது?" என்றான். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதை முதலில் சளி என்றுதான் நினைத்தேன். மறுநாள் பாறசாலை பஸ்ஸில் ஏறினேன், ஓட்டியது நம்முடைய ஜெனில், அத்தானிடம் வேலை படித்தவன், பெட்டியைச் சுமந்ததும் அவன்தான். காதில் போனை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறவன், நான் ஏறினதும் போனைக் கீழே வைத்தான், இரண்டு கையாலும் ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்தான், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தான், ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்தினான். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, வண்டியில உம்மகூட ஆராக்கும் கேறினது?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நான் பேசாததைப் பார்த்து லீலாபாய் முதலில் ஸ்தோத்திரம் பண்ணினாள், பிறகு வைத்தியரிடம் போவோமா என்றாள். சட்டையைக் கழற்றிக் குளித்தால் பேச்சு வந்துவிடுகிறது. பூசினால் போய்விடுகிறது. சிரிக்காதே மக்கா, உன் மாமாவுக்குப் பேச்சுத்தான் சொத்து.

இனி உன் அம்மா. அத்தான் போன நாள் முதல் அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை. கஞ்சியை வைத்தால் ஈ மொய்க்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். உன்னிடம் போனில் "சுகம்" என்று சொல்கிறாள் அல்லவா, போனை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாள். அவள் மெலிந்துபோன கோலத்தை நீ பார்த்தால் தாங்கமாட்டாய். எனக்கு மூத்தவள், எனக்குச் சோறு ஊட்டினவள். நானும் தினமும் மத்தியானம் போய் ஊர்க்கதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன், பைபிள் வாசித்தேன், பாட்டுப் பாடினேன். ஒன்றுக்கும் அசைவில்லை. ஒரு நாள் அந்தச் சென்டோடு போனேன். அவள் அடுக்களையில் முதுகைக் காட்டி நின்றாள். நான் வாசற்படியில் கால் வைக்கவும் திரும்பாமலே, "கதவ அடச்சிட்டு வாங்கோ, மழ உள்ள அடிக்குது" என்றாள். நான் கதவை அடைத்தேன். "மீன் வாங்கல்லே, இண்ணைக்கு தேங்கா அரச்ச சம்மந்தி மட்டும் உண்டு" என்றாள். பிறகு கஞ்சியை ஊற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள் விபின், வயிறு நிறையச் சாப்பிட்டாள்!

அன்று முதல் இதுதான் என் வேலை. சென்ட் பூசுவேன், போவேன், ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவேன். அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், பேசுவாள். தேங்காய் விழுந்தது, கோழி அடைகாக்கிறது, கரண்ட் போனது, எல்லாம் சொல்வாள். இடையில் உன்னைப் பற்றியும் வரும். "பெட்டி மூடும்போ அவன் போனுல கரஞ்சு அழுதான், நீங்கோ கேட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் என்ன செய்ய? தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டினது நான்தானா என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். என்னைக் கண்டால் கணுக்காலைப் பிடிக்கிற உங்கள் நாய் இப்போது நான் வருவதைக் கண்டால் வாலை மடக்கி ஓரத்தில் படுத்துக்கொள்கிறது. லீலாபாய், "இது பாவமாக்கும், செத்தவருக்க வேஷம் கெட்டப்பிடாது" என்கிறாள். பாவமென்றால் கர்த்தரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவளுக்கு உடம்பில் சதை பிடிக்கட்டும். ஆகவே நீ லீவுக்கு அலைய வேண்டாம், வேலையைக் கெடுத்துக்கொண்டு இங்கே ஓடி வரவும் வேண்டாம். வந்து நீ உண்மையைச் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். இங்குள்ள காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். குப்பியை மட்டும் அனுப்பு, வேறு மணமாக மாறிப்போகாமல் பார்த்து வாங்கு.

நீங்கள் போகையிலும் வருகையிலும் அவருடைய செட்டைகளின் நிழல் உங்கள்மேல் இருப்பதாக. லிஜா குளிரூட்டியில் தூங்க வேண்டாம் என்று மாமி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன்னை மடியில் வைத்து ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோன மாமன்,
ஞானசிகாமணி

பி.கு. எபின் புறப்படுவது தள்ளிப்போனது, கவர் என் கையிலேயே இருந்தது, அதனால் இதையும் எழுதுகிறேன். கல்லறை மணம் வீட்டுக்குள் வேண்டாம் என்று லீலாபாய் மீதிச் சென்டை ஓடையில் கொட்டிவிட்டாள். இன்றைக்கு மத்தியானம் வேறு வழியில்லாமல் வெறும் சட்டையோடு காரோட்டுக்குப் போனேன். அக்கா திரும்பாமலே, "சென்டு தீந்துபோச்சாலே ஞானம்?" என்றாள். "அக்கா, ஒனக்கு நான்ண்ணு தெரியுமா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நீ செருப்பத் தேய்ச்சிட்டு வாறது ரோட்டுலேயே கேக்கும்."

"பின்னே எதுக்கு என்னட்ட அவருண்ணு நெனச்சு பேசினே?"

"ஒன்னட்ட ஆருலே பேசினா? நான் அவருட்டயாக்கும் பேசினது. சென்டு போட்டா நீ வாயப் பொத்திட்டு இருக்கே. ஒனக்க சலம்பல் இல்லேண்ணா அவரு வந்து இருப்பாரு. ஒனக்க சத்தம் கேட்டா எழும்பிப் போயிருவாரு. பண்டே அவரு அப்படித்தானே?"

உண்மைதான் விபின். உயிரோடு இருக்கும்போதும் நான் வந்தால் உன் அப்பா எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். "கொஞ்சம் பேசாம இருந்து பாரு" என்றாள். இருந்தேன். என் சட்டையில் துணிசோப்பு மணம் மட்டும்தான், நான் மோந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தது, தோலும் சுருட்டும் கிராம்பும், என் பெஞ்சின் மறுமுனையிலிருந்து. பெஞ்சு அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. அக்கா அங்கே பார்த்துத் தலையாட்டினாள். பிறகு என்னிடம், "விபின் எப்போ வாறாண்ணு கேக்காரு" என்றாள்.

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியுமே. "கிறிஸ்மஸுக்கு வந்திருவான் அத்தான்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொன்னேன். அவர் எழும்பிப் போகவில்லை. மக்கா, மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடு. சென்ட் வேண்டாம், டிக்கெட் போடு. உன் அப்பா என் பேச்சை ஒரு நாளும் நம்பினதில்லை, இதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.