கொலுவில் உட்கார்ந்த தேரை

அரைகுறையாகப் படித்தவர்களால் ஆபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒழுங்காகப் படித்துவிட்டு, படித்ததை வீட்டுக்கு வந்து செய்து காட்டுபவர்களால் வரும் ஆபத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் முதலாம் ஆண்டு மாணவி. முதல் பெஞ்ச். (முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணால் குடும்பத்துக்குக் கெடுதல் வராது என்று நம்பி ஏமாந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.)

அந்தப் பருவத்தில் எங்களுக்குத் தவளைத் தோலைப் பற்றிப் பாடம் நடந்தது. என் வயதுப் பெண்கள் யார் யாரையோ பார்த்து மயங்கிக்கொண்டிருந்தபோது நான் தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் விஷச் சுரப்பியில் மயங்கிக் கிடந்தேன். யோசித்துப் பாருங்கள். செதில் கிடையாது, ரோமம் கிடையாது, கூரிய நகம்கூடக் கிடையாது. ஈரமான மெல்லிய தோல் ஒன்றுதான் சொத்து. பூஞ்சைக்கும் கிருமிக்கும் அது திறந்த வீடு, பாம்புக்கும் பறவைக்கும் உரித்து வைத்த பழம். அப்படிப்பட்ட பிராணி கோடிக்கணக்கான வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது? தோலிலேயே மருந்துக்கடை வைத்துத்தான்.

உடம்புக்குள் வேறு வேலைக்காக இருந்த ரசாயனங்கள் சில தவளைகளின் தோலில் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்தன. வாயில் போட்ட பிராணி 'தூ' என்று துப்பியது. துப்பப்பட்டவை பிழைத்துப் பிள்ளைகுட்டி பெற்றன. இப்படியே தலைமுறை தலைமுறையாக ருசி மோசமாகிக்கொண்டே போனது. தென்னமெரிக்காவின் வண்ணத் தவளைகள் எறும்புகளையும் பூச்சிகளையும் தின்று அவற்றின் விஷத்தைத் தோலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன என்று அப்போதுதான் ஆராய்ச்சியாளர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். அது ஹோட்டல் சாப்பாடு. நம்மூர்த் தேரை அப்படியில்லை, உடம்பில் இருக்கும் கொழுப்பிலிருந்து தானே தயாரித்துக்கொள்ளும். சுத்தமான வீட்டுச் சமையல்.

இதையெல்லாம் நான் ரசம் சாதம் பிசையும்போதுதான் சொல்வேன். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் கனகம் மாமி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் மாமியும் ஒரு வெள்ளைப் பொமரேனியனும். மாமாவுக்கு வடக்கே உத்தியோகம். மாமியின் ஒரே பிள்ளை அமெரிக்கா போன வருஷம் வந்த நாய், அதனால் அதன் பெயர் டாலர். எங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் நவராத்திரியோடு முடிவதாக இருந்தது. மாமி தன் நாத்தனார் பெண்ணை அங்கே குடிவைக்கப் போகிறாள் என்று தெருவில் பேச்சு. அம்மா அந்தக் கூடத்தில்தான் பாட்டு க்ளாஸ் நடத்தினாள். தெருவின் பாதிப் பெண் குழந்தைகள் அங்கே வந்து சரளி வரிசையைக் கொலை செய்துவிட்டுப் போகும். வீடு போனால் க்ளாஸ் போய்விடும், அந்த க்ளாஸ்தான் அம்மாவுக்கு உயிர்.

ஆகவே அந்த வருஷக் கொலு வெறும் கொலு இல்லை. கனகம் மாமி வாயாலேயே 'இருங்கோ' என்று சொல்ல வைப்பதற்கான படையெடுப்பு. டிரங்குப் பெட்டிகளையும் பெஞ்சுகளையும் அடுக்கி ஏழு படி கட்டினோம். மூன்றாம் படியில் தசாவதாரம், கீழ்ப் படியில் மளிகைக் கடை வைத்த செட்டியார் பொம்மை. படிக்குக் கீழே தரையில் பார்க் அமைக்கும் பொறுப்பு என்னுடையது.

வழக்கமாக மணல் கொட்டி, கடுகு முளைக்க விட்டு, நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம் என்று சொல்லுவோம். அதில் ஒரு பிளாஸ்டிக் வாத்து நிற்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. இது என்ன குளம், இதற்கு ஒரு நீர்நில வாழ்வி வேண்டாமா? அன்று பிற்பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிணற்றடித் துவைக்கிற கல்லுக்கு அடியில் கைக்கு அடக்கமாக ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. எடுத்துவந்து கடுகுச் செடிகளுக்கு நடுவே ஈர மணலில் வைத்தேன். அது அசையவே இல்லை. தேரைக்கு ஓடத் தெரியாது, ஓட வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. (அறிவியல் என்றால் ஆச்சரியம் வேண்டாமா?)

சாயங்காலம் கனகம் மாமி அரக்குப் பட்டுப் புடவையில், டாலரை இடுக்கிக்கொண்டு வந்தாள். ஜமக்காளத்தில் உட்கார்ந்து பார்க்கைப் பார்த்தவள் அசந்துபோனாள்.

"தவளை பொம்மை தத்ரூபமா இருக்கே. எங்கேடி வாங்கினே, பண்ருட்டி பொம்மையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடக்கமாகப் புன்னகை செய்தேன். என் மகள் எங்கேயோ போய் நல்ல பொம்மையாக வாங்கிவந்திருக்கிறாள் என்று அம்மா பூரித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு மாமியைப் பாடச் சொன்னார்கள். மாமி பாடினாள். அரை ஸ்வரம் பிசகினால் குழந்தைகளை மறுபடி மறுபடி பாட வைக்கும் என் அம்மா, சுருதிக்கும் மாமிக்கும் சம்பந்தமே இல்லாத அந்தப் பாட்டுக்குக் கண்ணை மூடித் தலையாட்டினாள். ஒரு மனுஷி பிழைப்புக்காக எவ்வளவு தூரம் இறங்கி வருவாள் என்பதை அன்று பார்த்தேன். அதற்குப் பலனும் கிடைத்தது. பாட்டை முடித்த மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லலிதா, நீ எதுக்கு வீடு வீடுன்னு கவலைப்பட்டுண்டு இருக்கே? பேசாம இங்கேயே இரு."

அம்மாவின் சிரிப்பு முழுசாக மலர்வதற்குள் டாலர் மடியிலிருந்து குதித்துப் பார்க்குக்குள் நுழைந்து பொம்மையைக் கவ்வியது.

தேரை உடம்பை ஊதிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டு, பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து தன் குலம் பழகிவந்ததைச் செய்தது. கண்ணுக்குப் பின்னாலிருந்து பால் மாதிரி வெள்ளையாகச் சுரந்தது. அடுத்த கணம் டாலர் அதைத் துப்பிவிட்டுத் தலையை உதறியது. வாயெல்லாம் நுரை. நுரையோடு மாமியின் மடிக்கு ஓடி, அங்கிருந்து படியேறியது. செட்டியார் கடையோடு கவிழ்ந்தார். தசாவதாரத்தில் மச்சாவதாரம் தவிர மற்ற ஒன்பதும் தரைக்கு வந்தன. உயிர்களின் வரலாறு எங்கள் வீட்டில் மீனோடு நின்றுபோனது.

இந்த நிலையில் ஒரு விலங்கியல் மாணவி என்ன செய்ய வேண்டும்? நாயைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் வாயைக் கழுவ வேண்டும். நான் பாடம் எடுத்தேன்.

"பயப்படாதீங்கோ மாமி, இது பரிணாமம்" என்று ஆரம்பித்தேன்.

"பரிணாமமோ பரிகாரமோ, என் குழந்தைக்கு என்னடி ஆச்சு?"

மாமி கேள்வி கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சில பாம்புகள் இந்த விஷத்தைத் தாங்கப் பழகிவிட்டன, நாய்கள் இன்னும் பழகவில்லை என்று விளக்கினேன். அரளியில் இருக்கும் விஷத்துக்கு இது தூரத்து உறவு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதல்ல இதயத்தைத்தான் பிடிக்கும்" என்று முடித்தேன். மாமி அப்படியே ஜமக்காளத்தில் சாய்ந்தாள்.

அதற்குள் அப்பா டாலரைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போயிருந்தார். எனக்கும் அப்போதுதான் புத்தி வந்தது. ஓடிப்போய், தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் அதன் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாயைக் கழுவினேன். கழுவும்போது முகத்தில் வியர்வை வழிந்தது, நுரை படிந்த அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாடத்தில் படித்தது அத்தனையும் உண்மை என்று உடனே தெரிந்தது.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர், தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்த மாமியின் மடியில் டாலரையும், ஒரு கண் பூரியாக உப்பிய என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, நாயி சோப்பு துன்னுட்ச்சா? நுரையா கக்கிகினு கீது" என்று கேட்டபடியே வண்டியைக் கிளப்பினார். அந்தச் சமயத்தில் அம்மா தட்டோடு ஓடிவந்தாள். நவராத்திரிக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதல்லவா? ஓடத் தொடங்கிய ஆட்டோவை நிறுத்தி, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கையும் ரவிக்கைத் துணியையும் கொண்டைக்கடலைச் சுண்டலையும் மாமியின் கையில் திணித்தாள். மாமியும் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். மரபு மரபுதான்.

ராயப்பேட்டையில் ஒரு கால்நடை மருத்துவர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டாலர் சுண்டல் பொட்டலத்தைப் பாதி காலி செய்திருந்தது. மருத்துவர் வாலாட்டிக்கொண்டிருந்த அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதில் யார் பேஷன்ட்?" என்று கேட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மாமி டாலரின் வாயைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசலில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஐப்பசி கார்த்திகை அடைமழை, மார்கழியில வீடு மாத்தக் கூடாது. தை பொறந்ததும் வேற இடம் பாத்துக்கோங்கோ."

அன்று ராத்திரி அம்மா உடைந்த பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை, மிஞ்சிய மச்சாவதாரத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான். தேரையை மட்டும் காணவில்லை. அது தன் வேலையைக் குறையில்லாமல் முடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருக்க வேண்டும்.

வீடு தேடிக் கிளம்பினோம். போன இடமெல்லாம் எங்கள் புகழ் முன்னாலேயே போயிருந்தது. மயிலாப்பூரில் யாரும் தரவில்லை, மந்தைவெளியிலும் தரவில்லை. கடைசியில் அடையாறில் ஒரு வீட்டுக்காரர், பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள்.

"பி.காம். ரொம்ப சாது."

வாழ்நாளில் பொய்யே சொல்லாத அப்பா, "எப்பவும் டெபிட் கிரெடிட்னு புஸ்தகமும் கையுமாத்தான் இருப்பா" என்று எடுத்துக்கொடுத்தார். வீடு கிடைத்தது. தேடிவந்த சில குழந்தைகளோடு பாட்டு க்ளாஸும் மெல்ல உயிர் பிழைத்தது. நான் மட்டும் பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு காலேஜ் போய்வந்தேன்.

பின்னால் நான் தேரைத் தோலின் ரசாயனங்களிலேயே டாக்டர் பட்டம் வாங்கினேன். அம்மா அக்கம்பக்கத்தில் மைசூர்பாகு விநியோகித்து, "அக்கவுண்டன்சியில டாக்டரேட் வாங்கியிருக்கா" என்று சொல்லிவந்தாள்.

இன்றுவரை தேரையைப் பற்றி எங்கள் குடியிருப்பில் ஒருவரும் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. ஆனால் ஜூலை பிறந்தால் போதும், மாடி வீட்டு மாமா ஃபாரம் பதினாறோடு வந்து நிற்பார், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். வேறு வழியில்லாமல் வருமான வரிச் சட்டத்தைப் படித்துத் தொலைத்திருக்கிறேன். போன வருஷம் அம்மாவிடம் கேட்டே விட்டேன். இது நாம் வாங்கின ஃப்ளாட், நம்மை யார் காலி செய்யச் சொல்ல முடியும், இப்போதாவது உண்மையைச் சொல்லலாமா என்று.

அம்மா வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அசோசியேஷன்னு ஒண்ணு இருக்கேடி."