இரண்டு சுரைக்குடுக்கைத் தண்ணீர்

எனக்குப் பெண் கிடைத்தது குணத்தால் அல்ல, வயிறு முட்டத் தண்ணீர் குடித்ததால். இது என் மனைவிக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். உங்களிடம் சொல்வதால் இனிப் போவதற்கு என்னிடம் மானம் ஒன்றும் மிச்சமில்லை.

அறுபதுகளின் நடுவில் மாத்தளையில் என் சாச்சாவின் கராஜில் இருந்தேன். பெண் வீட்டில் என்னை மெக்கானிக் என்று சொல்லியிருந்தார்கள். (ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவனையும் அப்படிச் சொல்லலாம்தானே!) சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன கேரவன் அங்கே கிடந்தது. இரண்டு சக்கரத்தில் ஒரு குட்டி வீடு. உள்ளே கட்டில், ஜன்னலுக்குத் திரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கொரு பைப்.

எனக்குப் பேசியிருந்த பரீதாவின் வாப்பா மிளகு, கராம்பு வியாபாரி. கல்யாணப் பேச்சை முடிக்கும் முன் லக்கலையில் இருந்த தன் மூத்த சகோதரியான ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் பஸ் எப்போதாவதுதான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கேரவன்ல கூட்டிட்டுப் போறேன் மாமா. மாமிக்குத் திரை போட்ட ஜன்னல் எல்லாம் இருக்கு."

சாச்சாவின் பழைய ஜீப்பில் கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். பரீதா வரவில்லை. (வரவிடுவார்களா!) வாப்பாவுக்குத் தடிமன், மூக்கொழுகுகிறது என்று ஒரு கேன் நிறையக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருந்தாள்.

வழியெல்லாம் சனம் கூடியது. ஓடுகிற வீட்டை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? நானும் நிறுத்தி நிறுத்தி, "பாருங்க, வீட்டுக்குள்ள பைப்பு!" என்று தண்ணீரைத் திறந்துவிட்டுக் காட்டினேன். எட்டு இடத்திலாவது காட்டியிருப்பேன். மலை இறங்கி லக்கலை வெயிலுக்குள் நுழைந்தபோது ஜீப் கொதித்து நின்றது. ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்கப் போனேன். பைப் ஒருதரம் இருமியது, அவ்வளவுதான். குடிக்கக் கொண்டுவந்த போத்தல்களும் காலி.

மிச்சமிருந்தது கொத்தமல்லிக் கேன். ஒரு மெக்கானிக் யோசிக்கலாமா? எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து முழுவதையும் ஊற்றிவிட்டேன். வடிக்காத கொத்தமல்லி! விதை, இஞ்சித் துண்டு எல்லாம் சேர்ந்து ரேடியேட்டரை அடைத்தன. அரை மைல் போவதற்குள் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. காடு முழுக்கக் கஷாய வாசம்.

மாமிக்கு மயக்கம் வரப் பார்த்தது. மாமா துண்டால் அவருக்கு விசிறிக்கொண்டே சொன்னார்: "ஒரு கேன் தண்ணியக் காப்பாத்தத் தெரியாதவன் எங்கட புள்ளய எப்படிக் காப்பாத்துவான்? வீட்டுக்குப் போனதும் இந்தப் பேச்சை விட்டுருவோம்."

பரீதாவை நான் ஒரேயொரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனாலும் அவளை விட மனமில்லை. காலி கேனை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அரைமணி நேரம் நடந்த பிறகு காட்டை வெட்டிப் பயிரிட்ட ஒரு சேனை தெரிந்தது. யானைக்காகக் கட்டிய காவல் பரணிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்தார். பெயர் புஞ்சிபண்டா. நான் வாய் திறக்கும் முன்பே சுரைக்குடுக்கையில் தண்ணீர் தந்தார். மாடு மாதிரிக் குடித்தேன். இன்னொன்று தந்தார். அதையும் குடித்தேன். அதன் பிறகுதான் மாமியின் ஞாபகமே வந்தது, ஜீப் நின்றதைச் சொன்னேன். தூரத்து ஊற்றிலிருந்து தூக்கி வந்த தண்ணீரை அவர் யோசிக்காமல் என் கேனில் ஊற்றினார். தன் எருமைச் சோடியையும் ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

மாமி குடித்தார், முகம் தெளிந்தது. மாமா குடித்துவிட்டுக் கேனை என்னிடம் நீட்டினார்.

"நீயும் குடி."

"வேணாம் மாமா. நீங்க குடிங்க." (உண்மையில் இன்னொரு மிடறு இறங்க வயிற்றில் இடமில்லை.)

மாமாவின் கண் கலங்கிவிட்டது. "வெயில்ல இவ்வளவு தூரம் நடந்து, ஒரு சொட்டும் குடிக்காம எங்களுக்குக் கொண்டு வந்திருக்கான். நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

கடைகளில் பழகித் தமிழ் தெரிந்த புஞ்சிபண்டா என்னைப் பார்த்தார். குடித்தபோது நனைந்த என் சட்டையைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். ஒருதரம் செருமிவிட்டு, "நல்ல மருமகன், முதலாளி" என்று எருமைகளைக் கட்டப் போய்விட்டார்.

எருமை இழுக்கிற ஜீப்பும், ஜீப் இழுக்கிற வீடுமாக ராத்தாவின் வாசலில் போய் இறங்கினோம். அவர் சிரித்த சிரிப்பிலேயே சம்மதம் கிடைத்தது.

எங்கள் மூத்தவன் பிறந்தபோது புஞ்சிபண்டா ஒரு மூட்டை சோளத்துடன் பார்க்க வந்தார். மாமாவும் இருந்தார். பரீதா எனக்குச் சர்பத் நீட்ட, நான், "மொதல்ல மாமாவுக்குக் குடுங்க" என்றேன். மனிதர் அவ்வளவு காலம் அடக்கிய சிரிப்பு வெடித்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, குடிச்சிட்டுத்தான் வந்தியா?"

பிறகு அவரே முதலில் சிரித்தார்.

அந்தத் தண்ணீருக்கும், பேசாமல் இருந்ததற்கும் புஞ்சிபண்டாவுக்கு நான் பட்ட கடன் தீராது. அவர் இருந்தவரை ஒவ்வொரு பெருநாளுக்கும் லக்கலைக்குப் போய்வந்தேன், பஸ்ஸில்தான். இன்றைக்கும் வீட்டில் நான் விட்டுக்கொடுக்கிற எதற்கும் மதிப்பில்லை. நேற்று எனக்குத் தடிமன். இருந்த ஒரு கோப்பைக் கொத்தமல்லியைப் பரீதா கொண்டுவந்தாள். அவளுக்கும் இருமல் என்பதால், "மொதல்ல நீங்க குடிங்க" என்றேன்.

"வடிச்சதுதான்," என்றாள் பரீதா. "நீங்க குடிச்சிட்டுத்தானே வந்தீங்க?"