மேட்டுப் பக்கத்தில் ஒன்பது மரங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே நான் அந்த முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த முறை வீட்டை நான்தான் தேர்ந்தெடுப்பேன்!

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் தனியாகத் தேர்ந்தெடுத்த பொருள் ஒரே ஒரு குடை. அதையும் கைப்பிடி சரியில்லை என்று மனைவி கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து மழை வந்தால் நான் நனைவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வீடு என்பது குடை இல்லை. அதற்குள் நான் தூங்க வேண்டும்.

எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் திருட்டுப் பிரிவில் வேலை. எதைப் பறிகொடுத்தாலும் ஜனங்கள் எனக்குத்தான் எழுதுவார்கள். இத்தனை வருஷம் சிறிய ஊரில் இருந்தோம். இப்போது பெருநகரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் குடித்தனம் மாற வேண்டும். பல் துலக்கிய வாயைத் துடைத்துக்கொண்டு, கம்பீரமாகச் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"எந்தப் பக்கம் வீடு பாக்கறதுன்னு நான் ஒரு முடிவு பண்ணப் போறேன்" என்றேன்.

"ரயிலடிப் பக்கம்" என்றாள் மனைவி, திரும்பாமலே.

"நான் இன்னும் முடிவு பண்ணலையே?"

"அண்ணன் பண்ணிட்டார். அவர் வீட்டுலேர்ந்து ரெண்டாவது தெருவுல ஒரு வீடு காலியா இருக்காம். பாத்துட்டார்."

"நான் பாக்க வேண்டாமா?"

"அதான் அண்ணன் பாத்துட்டாரே!"

இந்த அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவர் விசிலை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொண்டிருந்தால் அந்த அம்மாள் இந்நேரம் ஓட்டப் பந்தயத்தில் நாலு மெடலாவது வாங்கியிருப்பாள். போன வருஷம் மூன்று நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். காலை ஐந்து மணிக்கு என் காதுக்குள் விசில் ஊதினார். "மாப்ளே, எழுந்திரிங்க! தொப்பை ஒரு வியாதி!" என்றார். தெருக்கோடி வரை ஓடினேன். திரும்பி வரப் பஸ் பிடித்தேன்.

மூன்று நாள் விருந்தாளியாலேயே எனக்கு இந்தக் கதி. இரண்டு தெரு தள்ளிக் குடியேறினால் என் ஆயுள் முழுக்க ஓட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்குவது ஒன்றுதான் இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கும் சொத்து. அதைக் காப்பாற்ற எந்த அக்கிரமத்துக்கும் தயாரானேன்.

மனைவியின் பலவீனம் எனக்குத் தெரியும். திருடன்! படுக்கப் போகும் முன் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு வாளி. வாளி மேல் எட்டு எவர்சில்வர் தட்டு. திருடன் கதவைத் தள்ளினால் தட்டெல்லாம் விழுந்து ஊரையே எழுப்பிவிடும் என்று ஏற்பாடு. இதுவரை அதில் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். நாலு தடவை.

ஆகவே, 'ரயிலடிப் பக்கம் ஒரே திருட்டு' என்று நிரூபித்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் யார்? தலைமை அலுவலகத்திலிருந்து நகரத்தின் போன வருஷத்துத் திருட்டு ஃபைல்களையெல்லாம் வரவழைத்தேன். நகரத்தின் பெரிய வரைபடம் ஒன்று வாங்கினேன். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை. ஒரு திருட்டுக்கு ஒரு பொட்டு என்று யோக்கியமாக ஒட்ட ஆரம்பித்தேன்.

யோக்கியமாக ஆரம்பித்ததுதான் தப்பு. ஒட்டி முடித்துப் பார்த்தால் கணக்கு எனக்கு எதிராக இருந்தது. ரயிலடிப் பக்கம் மொத்தமே இரண்டு பொட்டு. ஒன்று, ஒரு பூந்தொட்டி. இன்னொன்று ஒரு சைக்கிள். அதுவும் சொந்தக்காரரே மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு மறந்துபோய், பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதியிருந்தார்.

நான் மனசுக்குள் குறித்து வைத்திருந்தது நகரத்தின் அடுத்த கோடியில் இருக்கும் மேட்டுப் பக்கம். அண்ணன் அங்கே வர வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே பதினொரு பொட்டு! ஒரு வீட்டில், திருட்டுக்குப் பயந்து மாட்டியிருந்த அலாரத்தையே திருடன் கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

யோசித்தேன். ரொம்ப நேரமில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து ஒன்பது பொட்டைப் பிய்த்து ரயிலடிப் பக்கம் குடியேற்றினேன். கணக்கு தலைகீழாகிவிட்டது. பிய்த்த இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாகப் பசை ஒட்டிக்கொண்டு, காகிதம் லேசாக உரிந்து நின்றது. அதற்கும் மூளை இருக்கிறதே! பச்சைப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு மரமாக வரைந்துவிட்டேன். ஒன்பது மரம். மேட்டுப் பக்கம் பார்க்கவே குளுகுளுவென்று ஆகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கூடத்துச் சுவரில் வரைபடத்தை மாட்டி, கையில் ஸ்கேலுடன் நின்றேன்.

"ஐயய்யோ! என்னங்க இது, அண்ணன் தெருவுலயே மூணு பொட்டு இருக்கு!"

"வெளிய தெரிஞ்சது மூணு."

"அண்ணன் ஒண்ணுமே சொல்லலையே?"

"தங்கச்சி பயந்துடுவாளேன்னு மறைச்சிருப்பார். தங்கமான மனுஷன்" என்றேன். ஜெயிக்கப் போகிறவன் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

"மேட்டுப் பக்கம் ரெண்டுதானா?"

"ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு வெறும் பூந்தொட்டி."

"இதென்ன பச்சை பச்சையா?"

"மரம்."

"ஒன்பதா?"

"அதையெல்லாமா எண்ணுவே?"

"எண்ணற மாதிரிதானே வரைஞ்சிருக்கீங்க."

வரைபடத்துக்குக் கிட்டே போனாள். ஒவ்வொரு மரத்தையும் ஒரு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ராத்திரி பகல் பாக்காம இவ்வளவு வேலை பண்ணியிருக்கீங்களே! என்மேல இவ்வளவு அக்கறையா உங்களுக்கு?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த வெள்ளை மனசையா ஏமாற்றுகிறோம் என்று நினைத்தேன். ஒரு டீ ஆறுகிற நேரம் வரைக்கும் அந்தக் குற்ற உணர்ச்சி என்னைப் போட்டு வாட்டியது. பிறகு டீயைக் குடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் மேட்டுப் பக்கம் வீடு பார்க்கப் போனோம். தெருவுக்குள் நுழைந்ததுமே எனக்குத் திக்கென்றது. ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கம்பி. கதவுக்குக் கதவு மூன்று பூட்டு. ஒரு வீட்டு வாசலில் ரோஜாத் தொட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் மிதியடிக்கும் சங்கிலி. முனையில் இருந்த ரொட்டிக் கடைக்காரர் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சின்ன ஓட்டை வழியாக ரொட்டியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தொட்டிக்கு எதுக்குச் சங்கிலி?"

"காத்து ஜாஸ்தி. உருண்டுடும்."

"மிதியடிக்கு?"

"பறந்துடும்."

"இந்தச் சின்னத் தெருவுல பூட்டுக் கடை மூணு இருக்கே?"

"எல்லாம் முன்ஜாக்கிரதை! அதனாலதான் இங்க திருட்டே இல்லை."

"அதுவும் சரிதான்" என்று தலையாட்டினாள். நாலு அடி நடந்தாள். "மரம் ஒண்ணையும் காணோமே?"

"போன வாரம்தான் வெட்டினாங்களாம்."

"ஒன்பதையுமா?"

"ரோடு அகலப்படுத்தறாங்க."

அவள் ரோட்டைப் பார்த்தாள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய ரோடு.

வீட்டுக்காரம்மாள் முதல் மாடிக்கு அழைத்துப் போனாள். இரண்டு அறை, சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி. அதே மாடியில் எதிர் வீடும் காலியாகத்தான் இருந்தது. "ஏன் காலி பண்ணினாங்க?" என்று மனைவி கேட்டதும் வீட்டுக்காரம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. நான் ஓடிப் போய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன். நான் கீழே போய்த் திரும்புவதற்குள் இரண்டு பெண்களும் பத்து வருஷம் பழகினவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"தண்ணி வசதி பத்தி. வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. முடிச்சிடலாம்."

அவ்வளவுதான்! பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சு எடுபட்டுவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாடினேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை சாமான் இறக்கினோம். கட்டிலைக்கூடச் சரியாக மாட்டாமல் அப்படியே விழுந்து தூங்கினேன். ஆகா, அது தூக்கம்! அண்ணன் இரண்டு பஸ்ஸுக்கு அந்தப் பக்கம். நாளை ஒன்பது மணி வரை என்னை அசைக்க ஆள் கிடையாது.

ஐந்து மணிக்கு விசில் கேட்டது.

கனவு என்று புரண்டு படுத்தேன். மறுபடியும் விசில். இது கனவு விசில் இல்லை. முப்பது வருஷ சர்வீஸ் போட்ட விசில். எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எட்டுத் தட்டும் என் காலில் விழுந்தன. ஐந்தாவது தடவை.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் வெள்ளை அரை டிராயர், கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில்.

"மாப்ளே! குட்மார்னிங்! ரெடியா?"

"மச்சான்... நீங்க... இங்க எப்போ..."

"நேத்து நீங்க தூங்கினதுக்கப்புறம் வந்து இறங்கினேன். அங்க பதினோரு திருட்டாமே! நான் பாட்டுக்கு வாசக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிட்டிருந்திருக்கேன் பாருங்க!"

மனைவி டீயோடு வந்தாள். அண்ணனுக்கு ஒன்று. எனக்கு இல்லை, ஓடுவதற்கு முன் குடிக்கக் கூடாதாம். அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?"

"நீங்கதானே சொன்னீங்க, ரயிலடிப் பக்கம் அவ்வளவு ஆபத்துன்னு? வயசான மனுஷனை அங்க தனியா விடச் சொல்றீங்களா?"

"அது வந்து... அவ்வளவு ஆபத்து இல்லை..."

"இல்லையா? அப்போ அந்தப் பொட்டெல்லாம்?"

"இருக்கு! ஆபத்து இருக்கு!"

"இருக்குல்ல? அப்போ அண்ணன் இங்கேயே இருக்கட்டும்."

எந்தப் பக்கம் போனாலும் சுவர். நானே கட்டின சுவர்.

அவள் பரணிலிருந்து வரைபடத்தை எடுத்து, விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்தாள். ஒன்பது மரத்துக்குப் பின்னாலும் ஒன்பது வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"மரத்தை வெட்டினா அடிக்கட்டை இருக்கும்ங்க. இங்க பசைதான் இருக்கு. அன்னிக்கே விரல்ல ஒட்டிச்சு."

"தெரிஞ்சும் ஏன் இங்க வந்தே? உனக்குத்தான் திருடன்னா பயமாச்சே!"

"நீங்க ஆசைப்பட்டு மரமெல்லாம் நட்டிருந்தீங்க. கலைக்க மனசு வரலை. அண்ணன் எதிர்லயே இருந்தா எனக்கு எந்த ஏரியாவா இருந்தா என்ன? அங்க ரெண்டு தெரு தள்ளி. இங்க நாலே அடி!" கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலும் ஏமாந்தேன். "போங்க, அண்ணன் காத்திட்டிருக்கார். அஞ்சு சுத்துதானாம்."

ஓடினேன். வேறு என்ன செய்வது? இருட்டு இன்னும் பிரியவில்லை. முன்னால் நான், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பின்னால் அண்ணன், விசிலை விடாமல் ஊதிக்கொண்டு. மூன்று சுற்று முடித்து ரொட்டிக் கடையைத் தாண்டியபோதுதான் கவனித்தேன். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

பதினொரு தடவை பறிகொடுத்த ஏரியா. விடியாத நேரத்தில் ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான், பின்னால் ஒருவர் விசில் ஊதித் துரத்துகிறார். அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"திருடன்! பிடி! விடாதே!"

முப்பத்து மூன்று பூட்டும் ஒரே சமயத்தில் திறந்தன. ரொட்டிக் கடைக்காரர் கூண்டிலிருந்து பாய்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஒரு பெரியவர் மிதியடிச் சங்கிலியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு அம்மாள் துடைப்பத்தால் ஆரம்பித்தேவிட்டாள்.

"ஐயோ, நான் திருடன் இல்லைங்க! நான் திருட்டுப் பிரிவு!" என்று கத்தினேன். அது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

"மச்சான், சொல்லுங்களேன்!" என்றேன். அண்ணன் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார். ஓட்டத்தின் நடுவில் பேசினால் மூச்சு கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. விசிலை மட்டும் ஊதினார்.

அப்போது எங்கள் பால்கனி விளக்கு எரிந்தது. மனைவி டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரொட்டிக் கடைக்காரர் பிடியை விடாமல் மேலே பார்த்துக் கேட்டார்: "அம்மா! நல்லாப் பாத்துச் சொல்லுங்க! இந்த ஆள் உங்க வீட்டுக்காரரா?"

அவள் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தாள்.

"ஆமாங்க, எங்க வீட்டுக்காரர்தான். விட்டுடுங்க, இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு."