சத்தம் சாரும் பனியில் நடந்த பெண்ணும்

உலகத்தில் யாருமே பார்க்காத படங்களை எல்லாம் பார்த்துவிட்ட ஒரே மனிதர் மேற்கு மாம்பலத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்த அவரை நாங்கள் சத்தம் சார் என்போம். சத்தத்தைப் பற்றி எடுத்த பரிசோதனைப் படங்கள் என்றால் உயிர். எடுத்தவர்களுக்கே மெயில் போட்டுக் கேட்பார். வேறு யாரும் கேட்காததால் அவர்களும் மகிழ்ந்து அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிறு மாலை எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் அறையில் திரையிடுவார். கலைக்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான், போனது அங்கே தரும் பஜ்ஜிக்காக. முதல் படத்தில் அரைமணி நேரம் ஒரு கதவு கீச்சிட்டது. அவ்வளவுதான் கதை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், புரியாதது என் குறை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் எங்கள் கேட் கீச்சிட்டபோது அதற்குள் மூன்று குரல்கள் கேட்டன. திறந்து மூடி, திறந்து மூடி, அங்கேயே நின்றுவிட்டேன்.

“இன்னா சார், சாவி தொலஞ்சி பூட்ச்சா?” என்றார் வாட்ச்மேன்.

அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை. ஒரே கஷ்டம், படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து, காதில் என்ன விழுந்தது என்று சொல்ல வேண்டும். என் முறை வரும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு அசோசியேஷன் செயலாளர் வந்து உட்கார்ந்தார். “இதனால என்ன பிரயோஜனம்? ஒருத்தராவது சொல்லுங்கோ. இல்லேன்னா ரூம் யோகா கிளாஸுக்கு!”

அன்றுதான் வந்து சேர்ந்த படம். சத்தம் சாரே பார்த்ததில்லை. பனியில் ஒரு பெண் இருபது நிமிடம் நடந்தாள். ஒரு சத்தமும் இல்லை. இதுதான் உச்சம் போலிருக்கிறது என்று மூச்சடக்கிக் கேட்டோம்.

முடிந்தது. அன்று எல்லோருமே செருப்பைத் தேடினார்கள். சத்தம் சார் முகம் சுண்டிவிட்டது. எப்படி எழுந்தேனோ! செயலாளரைப் பார்த்துச் சொன்னேன்.

“சார், மேல் வீட்டுல தேங்கா துருவுறாங்க. ஸ்டேஷன்ல ஒரு ட்ரெயின் நிக்காம போச்சு. உங்க வயிறு ரெண்டு தடவை கத்திச்சு. எல்லாம் இந்தப் படம் கேக்க வெச்சுது சார்.”

செயலாளர் வயிற்றைத் தடவிக்கொண்டார். “கார்த்தாலேர்ந்து பட்டினி ஓய்!” என்று சிரித்தார். “சரி, நடத்துங்கோ.”

பெருமை தாங்காமல் தலையைக் குனிந்தேன். ஸ்பீக்கர் ஒயர் செருகாமல் தரையில் கிடந்தது. ஊர் ஸ்பீக்கரை எல்லாம் சரிசெய்கிறவர்! என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. யாருக்கும் தெரியாமல் காலால் ஒயரை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஒயரைச் செருகினார்.

“இன்னாமா பேசிட்ட நைனா! குந்து. இப்ப சத்தத்தோட பாக்கலாம்.”

பனி மிதிபடும் சத்தம் எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் அவர் மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.